தேடற் சுட்டியிற் கணிப்புப் புலங்கள்

நூற்றொகுதி ஒன்றைக் கணினியில் இட்டுத் தேடுவோர், வினாவைப் பெற்றபின் பொறியானது நூல்களைப் புரட்டிப் பார்த்து விடை தருகின்றதென்றே பெரும்பாலும் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. நூலின் ஈற்றில் அச்சிடப்படும் சொல்லடைவு போன்றதொரு சுட்டி முன்னரே ஆக்கப்பட்டிருக்கும். பொறி பார்ப்பது அச்சுட்டியையே. 1999 இல் டக் கட்டிங் என்பார் ஆக்கிய லூசீன் என்னும் செய்நிரற்றொகுதியும், அதன்மேற் கட்டப்பெற்ற சோலர், எலாஸ்ரிக்சேர்ச் என்பனவும் இம்முறையினவே. சுட்டியில் ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, ஆசிரியர், பதிப்பித்த இடம் எனப் பல புலங்கள் உள. இவை நூன்முகப்பிற் காணப்படுவன. முகப்பில் இல்லாத ஒன்றை, உள்ளவற்றிலிருந்து விதியொன்றாற் கணித்துத் தனிப்புலமாகச் சேர்த்தலும் உண்டு. ஈண்டு ஆராயப்படுவது அக்கணிப்புப் புலமே.

அதன் பயனைத் திருக்குறள் கொண்டு எளிதிற் காட்டலாம். குறளின் தொடரெண் மட்டுமே தரப்பட்டிருப்பினும், அதிகாரத்தை ஒருவர் இருந்து 1330 முறை எழுதவேண்டுவதில்லை. எண்ணைப் பத்தால் வகுத்து, மிச்சம் இருப்பின் ஈவோடு ஒன்று கூட்டுக. அதிகார எண் கிடைக்கும். 391 ஆம் குறள் 40 ஆம் அதிகாரமாகிய கல்வியைச் சார்ந்தது என்பது இவ்வாறு பெறப்படும். 380 வரை அறம், 1080 வரை பொருள், எஞ்சியவை காமம் எனப் பாலும் அவ்வாறே. பொருட்பாலுள் மட்டும் ஒரு சொல்லைத் தேடுக என்னும் வினாவுக்கு இதன்பின் நொடியில் விடை வரும். விதி வழுவற்றது போலத் தோன்றுகின்றது. ஆயினும் அது பரிமேலழகர் வைப்புமுறைக்கு அமைந்த விதி. அதிகாரங்களின் முறையும், அதிகாரத்துட் குறள்களின் முறையும் பழைய உரையாசிரியர் எல்லோர்க்கும் ஒன்றல்ல. மணக்குடவர் உரைப்பதிப்பின் வரிசையெண்ணை அதனுட் புகுத்தினாலும் விதி மறுப்பேதும் கூறாது. ஒரு விடையைத் தந்தே தீரும்.

இதனினும் சிக்கலானது பதிப்பாண்டு. பழைய தமிழ் அச்சுநூல்களின் முகப்பில் ஆண்டானது வருடப்பெயராற் குறிக்கப்படுதல் பெருவழக்கு. பிரபவ வருடம் என்றிருந்தால் அது 1807, 1867, 1927, 1987 என்னும் ஆண்டுகளுள் ஒன்றன் சித்திரையிற் றொடங்குவது. தை மாதம் என்று கூறப்பட்டிருப்பின் ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். மாதம் கூறப்படாவிடின் இரண்டாண்டுள் எதுவெனத் துணிதல் இயலாது. அறுபதாண்டு வட்டத்துள் எவ்வட்டம் என்பதை அறிதற்கு, விதி அமைப்போர் ஆசிரியரின் வாழ்நாளைத் துணைக்கொள்ளுதல் இயல்பே. ஆறுமுக நாவலர் 1822 இற் பிறந்து 1879 இல் மறைந்தவர். ஆகவே பிரபவ என்னும் குறிப்புடைய நாவலர் நூல் 1867 ஆம் ஆண்டினது என விதி துணியும்.

துணிபு நேர்த்தியானதுதான். ஆனால் நாவலர் நூல்கள் அவர் மறைவின் பின்னரும் பலமுறை அச்சேறியவை. 1927 இல் வெளிவந்த மறுபதிப்பு ஒன்று இவ்விதியின் கையிற் சிக்கினால் அறுபது ஆண்டு முதுமை எய்திவிடும். தமிழ் உரைநடையிற் குறியீடுகள் வழங்கிய வரலாற்றை ஆராயும் மாணவன், பிற்காலப் பதிப்பாசிரியர் இட்ட காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் நாவலர் கையால் இட்டனவாகக் கொள்வான். அவனைக் குறைகூற இடமில்லை. பொறி அவனுக்குக் காட்டியது 1867 என்னும் எண் மட்டுமே.

கணிப்புப் புலத்தின் மெய்யான குற்றம் இங்கேதான் உளது. முகப்பில் அச்சான ஆண்டும், விதி ஊகித்த ஆண்டும் திரையில் ஒரே தோற்றத்தில் நிற்கின்றன. நம் உரையாசிரியர்கள் மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்த்துப் பொருள்கொண்டவிடத்து, அஃது எச்சம் என்றோ வருவிக்கப்பட்டது என்றோ கூறிச் செல்வர். படிப்பவன் உடன்படலாம், மறுக்கலாம். எது மூலம், எது உரை என்பதில் மட்டும் மயக்கமில்லை. கணிப்புப் புலமும் உரையே. அதனை மூலம்போல் நிறுத்துவது அமைப்போர் செய்யும் தவறேயன்றிப் பொறியின் இயலாமையன்று. முகப்பிலுள்ள சொல்லை உள்ளவாறே ஒரு புலத்திலும், கணித்ததைப் பிறிதொன்றிலும், கணித்த விதியின் பெயரை மூன்றாவதொன்றிலும் வைக்கச் சுட்டி இடந்தருகின்றது. ஒரு புலத்திற் பல மதிப்புக்களை இடவும், தொடக்கமும் முடிவும் உடைய கால எல்லையை இடவும் எலாஸ்ரிக்சேர்ச்சில் வழியுண்டு. ஐயமுள்ள நூலுக்கு 1867, 1927 இரண்டையும் இட்டால், எவ்வாண்டைக் கேட்பினும் அந்நூல் ஐயக்குறியோடு வந்து நிற்கும்.

எப்பொழுது கணிப்பது என்பது பிறிதொரு வினா. சுட்டி ஆக்கும்போதே கணித்து வைத்தால் தேடல் விரைவாகும்; ஆனால் விதியைத் திருத்தியபின் தொகுதி முழுவதையும் மீளச் சுட்டியிடும்வரை பழைய விடையே வழங்கிக்கொண்டிருக்கும். தேடும் வேளையிற் கணிப்பது 2021 முதல் எலாஸ்ரிக்சேர்ச்சில் தனிப்புல வகையாகவே அமைந்துள்ளது. அது திருத்தத்தை உடனே ஏற்கும், தேடல் தாமதமாகும். குறளின் பாலும் அதிகாரமும், பதிப்பு இன்னதெனத் தெரிந்தவிடத்து, முன்னரே கணித்து வைக்கத்தக்கவை. வருடப்பெயர் அவ்வாறன்று. மறுபதிப்புக்களைப் பதிப்பெண்ணாலும் அச்சுக்கூடத்தின் பெயராலும் வேறுபிரிக்க விதி கற்றுக்கொள்ளும்வரை, அதனைத் தேடும் வேளையிலேயே கணித்தல் தக்கது, தாமதம் பொறுக்கத்தக்கதே.