பச்சைக் குழந்தையின் நிறம்

பச்சிளம் குழந்தையைப் போலவே தோன்றும்படி செய்த ரீபார்ன் பொம்மை ஒன்றைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது உள்ளங்காலை. முகத்துக்குத் துணையாக இமைமுடி உண்டு, உதட்டின் ஈரம் உண்டு. உள்ளங்காலுக்கு நிறத்தை விட்டால் வேறு கதியில்லை. பிறந்து ஒரு நாளே ஆன குழந்தையின் பாதம் ஒரே நிறத்தில் இருக்காது. ரத்த ஓட்டம் இன்னும் கைகால் நுனிவரை நிலைப்படாததால் லேசாக நீலம் பாய்ந்திருக்கும், குதிகால் சிவந்திருக்கும், விரல் மடிப்புகளில் ஊதா தங்கியிருக்கும். மூன்றும் பொம்மையின் காலில் தெரிந்தால், அதைச் செய்தவருக்குக் குழந்தையைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

அமெரிக்காவில் 1990களில் வேர்விட்ட கலை இது. நிறமில்லாத வினைல் தலையும் கைகால்களும் தனித்தனியாக வரும். அவற்றுக்கு வண்ணம் தீட்டி, மொஹேர் ஆட்டு முடியை ஊசியால் ஒவ்வொன்றாக நட்டு, துணி உடம்புக்குள் கண்ணாடி மணிகளை நிரப்பிக் குழந்தையின் கனத்தைக் கொண்டுவருகிறார்கள். சூட்டில் இறுகும் வண்ணத்தை மெல்லிய பூச்சாகத் தடவி, சுமார் 130 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் ஓவனில் வைத்து எடுத்து, ஆறியபின் அடுத்த பூச்சு. இப்படிப் பத்து, இருபது பூச்சுகள். தேர்ந்தவர்கள் பலர் நிறமித் தூள்களை வாங்கித் தாங்களே கலந்துகொள்கிறார்கள். பொம்மையின் உயிர் அந்தத் தூளில்தான் தொடங்குகிறது. அதனால் தூளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவருக்கு அந்தப் பொம்மை இரண்டு மடங்கு பேசும்.

தோலில் விழும் வெளிச்சம் மேலேயே நின்றுவிடுவதில்லை. உள்ளே புகுந்து, ரத்தத்தையும் தசையையும் தொட்டுச் சிதறித் திரும்புகிறது. பச்சிளம் தோலில் இது இன்னும் அதிகம். ஆகவே தூளிடம் முதலில் கேட்க வேண்டியது அது ஒளியை உள்ளே விடுமா, தடுக்குமா என்பதே. எந்த நிறம் என்ற கேள்வி அதற்குப் பின்னால்தான். டைட்டானியம் வெள்ளை ஒளியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். கூடுதலாகக் கலந்த பொம்மைக்கு முகப்பவுடர் அப்பிய களை வந்துவிடும். நகத்தின் நுனிப் பிறை, மூக்கின் மேல் வெண்புள்ளிகள் போன்ற இடங்களில் மட்டும் துளியாகத் தொட்டால் அதுவே அழகு.

ஒளியை உள்ளே விடும் தூளைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடு போட்டு, எண்ணெயில் குழைத்த தூளை அதன்மேல் மெல்லிசாக இழுக்க வேண்டும். கோடு பளிச்சென்று தெரிந்தால் அது தோலுக்கு உகந்தது. கோடு மங்கினால் ஒதுக்கிவைக்கலாம்.

தோலுக்கான தூள்களில் முதலிடம் இரும்பு ஆக்சைடுக்கு. செங்காவி, மஞ்சள் காவி என்று நாம் அறிந்த மண்ணின் குடும்பமே அது. மஞ்சள் காவியைச் சுட்டால் அதிலுள்ள நீர் வெளியேறிச் சிவப்பாகிவிடும். இத்தாலியின் சியனா மண்ணைச் சுட்டெடுத்த ‘பர்ன்ட் சியனா’ அப்படிப் பிறந்ததுதான். பொம்மை வேகும் 130 டிகிரிக்கு மஞ்சள் காவி அசையாது என்பதால் ஓவன் சூட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. இதே ஆக்சைடைத் துகள்கள் மிக நுண்ணியதாக இருக்கும்படி தயாரித்தால் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். விலை கூடினாலும் வாங்க வேண்டியது அதைத்தான்.

கன்னச் சிவப்புக்குக் குவினாக்ரிடோன். 1950களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தது, வெயிலுக்கு வெளுக்காது. பழைய அலிசரின் சிவப்பு அழகானதுதான், ஆனால் ஆண்டுகள் போகப்போக வெளிறிவிடும். டப்பாவில் ‘குழந்தைக் கன்னம்’, ‘ரோஜா’ என்று எழுதியிருக்கும் பெயரை நம்பவே கூடாது. பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் குறியீடுதான் உண்மை சொல்லும். பிஆர் 101 என்றால் சிவப்பு இரும்பு ஆக்சைடு, பிவி 19 என்றால் குவினாக்ரிடோன், பிஆர் 83 என்றால் அலிசரின். மினுமினுக்கும் மைக்கா தூள்கள் கடையில் கண்ணைப் பறிக்கும். தோலில் அவை மீன் செதில்போலத் தெரியும்.

இவ்வளவுக்கும் அடியில் இன்னொரு நிறம் இருக்கிறது. பிறந்த குழந்தையைப் பச்சைக் குழந்தை என்கிறது தமிழ்; மணிக்கட்டில் தெரிவதைப் பச்சை நரம்பு என்கிறது. சியனாவின் ஓவியர் டூச்சோ 1300களின் தொடக்கத்தில் மாதாவின் முகத்தைத் தீட்டியபோது அடியில் பச்சை மண்ணைப் பூசி, அதன்மேல் இளஞ்சிவப்பை ஏற்றினார். காலத்தில் மேல்பூச்சு மங்கிய ஓவியங்களில் இன்று அந்தப் பச்சை எட்டிப் பார்க்கிறது. 1400 வாக்கில் ஓவியக் கையேடு எழுதிய சென்னினோ சென்னினி, இறந்தவரின் முகத்துக்கும் இதே முறையைச் சொல்லிவிட்டு, சிவப்பை மட்டும் ஏற்றாதே என்கிறார். பொம்மைக் கலைஞர்கள் டூச்சோவின் சூத்திரத்தைத்தான் வினைலில் செய்கிறார்கள். முதல் பூச்சுகளில் பச்சையும் நீலமும், ஸ்பாஞ்சால் ஒற்றிய திட்டுகள், பிறகு சிவப்பு. நல்ல பொம்மையை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால் நரம்பு சில இடத்தில் தெரிந்து சில இடத்தில் மறையும். மேலே கோடாக இழுத்த நரம்பு எங்கேயும் மறையாது.

மாநிறக் குழந்தைகளில்தான் கலைஞரின் திறமை முழுதாகத் தெரியும். பழுப்போடு வெள்ளை கலந்து நிறத்தை வெளிறவைக்கிறவர்களின் கையில் சாம்பல் பூத்த பொம்மைதான் வரும். தெரிந்தவர்கள் மஞ்சள் காவியையும் அம்பர் என்ற பழுப்பு மண்ணையும் மெல்லிய பூச்சுகளாக அடுக்கி, அடியிலுள்ள சிவப்பை அணையாமல் வைத்திருப்பார்கள். காது மடல் ஓரத்திலும் நகக்கண்ணிலும் நிறத்தை ஒரு படி கூட்டியிருப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் பிறந்த பிள்ளை எந்த நிறத்துக்கு வரும் என்று காதைப் பார்த்துச் சொல்வார்களே, அந்த இடம்.

பொம்மையை வாங்காமல் தாமே செய்து பார்க்க நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தூள் மூச்சில் ஏறும். முகமூடி இல்லாமல் டப்பாவைத் திறக்கக் கூடாது. காட்மியம் தூள்களைத் தொடாமலிருப்பதே நல்லது.

ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்புக்குக் கீழே நீலச்சாம்பல் திட்டு ஒன்று இருக்கும். தோலின் ஆழத்தில் தங்கிய நிறமி அது. வளர வளர மறைந்துவிடும். பொம்மையில் அதைக் கொண்டுவர, அல்ட்ராமரைன் நீலத்தோடு கொஞ்சம் அம்பர் கலந்து, தொடக்கப் பூச்சிலேயே வைத்துவிட்டு, மீதி அத்தனை பூச்சையும் அதன்மேல் ஏற்ற வேண்டும். கடைசியில் மேலே தீட்டினால் அடிபட்டுக் கன்றியதுபோல் ஆகிவிடும். துணி உடம்புள்ள பொம்மையில் இதற்கு இடமே இல்லை. முழு வினைலிலோ சிலிக்கோனிலோ செய்த பொம்மை கைக்கு வந்தால், சட்டையைக் கழற்றிக் குப்புறப் போட்டு அந்த இடத்தைத் தேடிப் பார்க்கலாம்.