மட்கலமும் மக்களும்: தீவுத் தொல்லியல் ஆய்வுமுறை குறித்து ஒரு திறனாய்வு

தென்கிழக்காசியத் தீவுகளில் அகழ்ந்தெடுக்கப்படும் மட்கல ஓடுகளைப் பண்டைத் தமிழரின் கடலோடித் திறத்திற்குச் சான்றாகக் காட்டும் வழக்கம் நம் கருத்தரங்குகளிலும் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளிலும் வேரூன்றியுள்ளது. மலாக்கா மாநிலத் தமிழாசிரியர்களோடு உரையாடிய வேளைகளில் இதனை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். 'ஓடு கிடைத்தது, ஆகவே நம்மவர் வாழ்ந்தனர்' என்பதே அவ்வாதத்தின் சுருக்கம். பண்டைய கடல் தொடர்பை மறுப்பது நம் நோக்கமன்று. ஓட்டிலிருந்து மனிதனைச் சென்றடைய எத்தனை படிகளைக் கடக்க வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பாலித் தீவின் செம்பிரான் அகழாய்வை நோக்குவோம். ஆர்திகாவும் பெல்வுட்டும் 1991இல் வெளியிட்ட கட்டுரை, அங்குக் கிடைத்த ரௌலட்டட் மட்கல ஓடுகளை அரிக்கமேட்டு ஓடுகளோடு ஒப்பிட்டது. உட்பரப்பில் நுண்ணிய புள்ளி வரிகள் வட்டமாகப் பதிந்த மெல்லிய தட்டுகள் இவை. அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு நடத்திய வீலர், இவ்வகை மட்கலத்தை மத்தியதரைக் கடற்பகுதியோடு தொடர்புபடுத்தினார். பின்னர் விமலா பெக்லி இதனை மறு ஆய்வு செய்து, இந்திய மண்ணிலேயே வனையப்பட்டதென நிறுவினார். 2005இல் ஃபோர்டு, பொல்லார்டு, கோனிங்ஹம், ஸ்டெர்ன் ஆகியோர் களிமண்ணின் வேதியியற் கூறுகளைப் பகுத்தாய்ந்து, இம்மட்கலத்தின் மூலம் கங்கைக் கீழ்ச்சமவெளியாக இருக்கலாம் எனக் கருதினர். ஓடு மாறவில்லை, அதற்கு நாம் சூட்டிய தாயகமே இரண்டு முறை மாறியது. நம் பாடக் குறிப்புகளோ இரண்டாம் கட்டத்திலேயே நின்றுவிட்டன.

இத்தடுமாற்றம் எதனால் நேர்ந்தது? வடிவத்தையும் அழகையும் முதலில் நோக்கி, வனைந்த முறையைப் பின்னர் நோக்கியதாலேயே எனலாம். எந்த மண், அதில் கலந்த மணல் எவ்வூரது, கை வனைவா திகிரி வனைவா, திறந்த வெளியில் சுட்டதா சூளையில் சுட்டதா ஆகிய வினாக்களே அடிப்படையானவை. பசிபிக் தீவுகளின் ஆய்வு வரலாறு இதனை நன்கு விளக்கும். கிஃபோர்டும் ஷட்லரும் நியூ கலிடோனியாவில் 1952இல் அகழ்ந்த லப்பித்தா என்னும் இடத்தின் பெயராலேயே, பல்வரிசை போன்ற முத்திரை பதிந்த பண்டை மட்கல மரபு ஒன்று வழங்கப்படுகின்றது. புவியியலறிஞர் டிக்கின்சன், தீவுகளின் ஓடுகளை மெல்லிய சீவல்களாக்கி, உருப்பெருக்கியின் வழி அவற்றிலுள்ள மணல் துகள்களை ஆராய்ந்தார். எரிமலைத் தீவின் மணலும் பவளத் தீவின் மணலும் வேறுவேறாதலின், பானை பயணம் செய்த வழி புலனாகியது. தொலைதூர மார்க்கேசாஸ் தீவுகளில் கிடைத்த சில ஓடுகளின் மணல் பீஜித் தீவைச் சுட்டியது.

எனினும் மணல் இடத்தைச் சொல்லுமேயன்றி, ஆளைச் சொல்லாது. இதற்கு நம் கடலிலேயே சான்றுண்டு. நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தில் பானை வனையும் உரிமை சௌரா என்னும் சிறு தீவுக்கே உரியதாக இருந்தது. வனைந்தோர் பெண்கள், களிமண்ணோ அண்டைத் தீவாகிய தெரசாவிலிருந்து படகில் வந்தது. வனைந்த பானைகள் பிற தீவுகளுக்குப் பண்டமாற்றாகச் சென்றன. ஆங்கில அதிகாரி மேன் இத்தொழிலை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதிவு செய்துள்ளார். கார் நிக்கோபாரில் அத்தகைய ஓடொன்று கிடைப்பின் மண் தெரசாவையும் கை சௌராவையும் அடுப்பு வேறொரு குடும்பத்தையும் காட்டும். இம்மூன்றனுள் எதனை 'மக்கள்' என்பது? அதே வேளையில், அண்மைக் காலக் குயவரைத் தொல்பழங்கால மாந்தரின் அச்சுப்படியாகக் கொள்ளும் ஆய்வாளரின் போக்கும் கண்டிக்கத்தக்கது. சௌரா நமக்கு வினாவைக் கற்பிக்கும், விடையைத் தாராது.

எழுத்துப் பொறித்த ஓடுகள் இதற்கு விலக்கன்றோ எனக் கேட்கலாம். தாய்லாந்தின் பூ காவ் தோங்கில் கிடைத்த தமிழ்ப் பிராமி ஓடு, கி.பி. 2ஆம் நூற்றாண்டினதாக ஐராவதம் மகாதேவனால் கணிக்கப்பட்டது. அது தமிழ் எழுத்தறிந்தார் ஒருவரின் கையை உறுதிப்படுத்துகின்றது. மதிப்பு மிக்க சான்றே. ஆயினும் ஒருவரின் கை, ஒரு குடியேற்றமாகிவிடாது.

இவ்விடத்து மலாக்காவையே நோக்குவோம். காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள் சைவ நெறியினர். அவர்தம் வீட்டு மொழியும் உடையும் மலாய் மரபின. அவர்களின் அடுக்களைக் கலங்களை மட்டும் அகழ்ந்தெடுக்கும் நாளைய ஆய்வாளர், அவர்கள் முன்னோரின் தமிழகத் தொடர்பைக் கண்டறிவாரா என்பது ஐயமே. தோட்டப்புறங்களின் நிலையும் இதுவே. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் எழுந்த லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் பொங்கல் வைத்தன. அந்தப் பானைகளை வனைந்தவர் யார், எவ்வூர் மண், எந்தக் கடை வழி வந்தன என்பவற்றை நாம் எழுதி வைத்தோமில்லை. லயங்கள் பல இடிக்கப்பட்டு, அவ்விடங்கள் செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. சீனத்துத் தண்ணீர்த் தாழியின் ஓடும் மலாய்க்காரர் சட்டியின் ஓடும் நம் பொங்கற்பானை ஓட்டோடு ஒரே குழியில் கிடப்பின், அவற்றைப் பிரித்தறியத் துணைசெய்யக்கூடிய முதியோர் இன்றும் நம்மிடையே உளர்.

ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய அயல்தீவின் ஓட்டுக்கு உரிமை கோரும் நாம், பாட்டியின் சட்டி எங்கு வாங்கப்பட்டது என்று கேட்க மறந்தோம். தமிழாசிரியர்கள் தம் மாணவரை இவ்வினாவோடு வீட்டிற்கு அனுப்புவராயின், அதுவே தொல்லியலின் முதற்பாடமாக அமையும். தொலைவிலுள்ள ஓடுகளைப் பொறுமையோடு படிக்கும் பயிற்சியும் அங்கிருந்தே தொடங்கும் என்பது நம் துணிபு.