இதழசைவுக்கு எழுதிய தமிழ்

திரைப்பட வசனத்தை இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குள் கொண்டுவர நம்மவர் இன்றும் தயங்குகின்றனர். தயங்காத சிலரும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றனர். தனியே எடுத்து மேடையில் ஒப்பிக்கத் தகுந்ததா என்பதே அது. ‘அம்பிகாபதி’ (1937), ‘கண்ணகி’ (1942) ஆகிய படங்களில் இளங்கோவன் வளர்த்த செந்தமிழ் நடை, ‘பராசக்தி’யிலும் (1952) ‘மனோகரா’விலும் (1954) கலைஞர் மு. கருணாநிதியின் பேனாவால் முழக்கமாயிற்று. 1959-இல் சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ அம்முழக்கத்தைச் சிறுவர் வாய்க்கும் கொண்டுசென்றது. நம் சங்கத்து ஆண்டு விழாக்களில் அட்டைக் கத்தியும் ஒட்டு மீசையுமாகக் கட்டபொம்மன் தோன்றாத ஆண்டு அரிது. அந்தச் சிறுவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் இந்த அளவுகோலால் அளக்கும்போது ஒரு பெரிய எழுத்தாளர் தப்பாமல் விடுபட்டுப் போகிறார். அவர் ஆரூர்தாஸ்.

திருவாரூரைத் தம் பெயரிலேயே சுமந்தவர். 1931-இல் பிறந்து 2022-இல் மறைந்தவர். அவர் எழுதிய படங்களின் எண்ணிக்கை ஆயிரத்தை ஒட்டும் என்பர். அதில் ஏறத்தாழப் பாதி பிறமொழியிலிருந்து தமிழுக்கு மாற்றப்பட்ட டப்பிங் படங்கள். இந்தப் பாதியைச் சொல்லும்போது அவருடைய அன்பர்களே குரலைத் தாழ்த்திக்கொள்வதை நாம் கவனித்திருக்கிறோம். வயிற்றுப் பாட்டுக்குச் செய்த வேலை என்பது அவர்கள் எண்ணம். நம் எண்ணம் வேறு. அந்த வேலையில்தான் அவருடைய கலை உருவாயிற்று. ‘பாசமலர்’ எழுதிய கை அங்கேதான் பழகியது.

டப்பிங் எழுத்தாளன் என்ன செய்கிறான்? ஏற்கெனவே பேசி முடித்துவிட்ட ஒரு வாய் திரையில் அசைகிறது. அது எப்போது திறக்கும், எப்போது மூடும், எவ்வளவு நேரம் ஓயும் என்பதை அவன் மாற்ற முடியாது. படச்சுருளைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, அந்த அசைவுக்குள் அடங்கும் தமிழை அவன் தேடவேண்டும். பகரமும் மகரமும் இதழ் இரண்டும் இயைவதால் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தார். அந்த நூற்பாவைத் தேர்வுக்காக நெட்டுருச் செய்தவர் பலர். அதை வைத்துப் பிழைப்பு நடத்த வேண்டியிருந்தவர் டப்பிங் எழுத்தாளரே!

நாமே ஓர் எடுத்துக்காட்டை முயன்று பார்த்தோம். தெலுங்கில் ஒருத்தி ‘ஏமிட்டி’ என்று கேட்கிறாள். பொருள் ‘என்ன’ என்பதே. ஆனால் தெலுங்குச் சொல்லின் நடுவே மகரம் இருக்கிறது. உதடுகள் ஒருமுறை மூடித் திறக்கின்றன. ‘என்ன’ என்ற சொல்லில் உதடு கூடுவதே இல்லை. ‘என்னம்மா’ என்றால் மூடும் இடம் கிடைக்கிறது. ஆனால் கேட்கப்படுபவன் கணவனாக இருந்தால்? அப்போது வாக்கியத்தையே உடைத்து வேறு கட்டவேண்டும். மேலும், தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரோசையில் முடிவன. நம் வினைமுற்றுகளோ மெய்யில் முடிவன. ‘செய்வோம்’ என்று தமிழ் வாயை மூடும்போது திரையிலுள்ள வாய் திறந்தே இருக்கும். ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு என்றால் மூன்று மணி நேரப் படத்துக்கு எவ்வளவு என்பதை வாசகர் எண்ணிக்கொள்ளலாம்.

இளமையில் தஞ்சை ராமையாதாஸிடம் உதவியாளராக இருந்து ஆரூர்தாஸ் தொழில் கற்றார். ‘பாதாள பைரவி’யின் தமிழ் வடிவத்துக்கு எழுதிய ராமையாதாஸ், தெலுங்குக்கும் தமிழுக்கும் நடுவே நின்று உழைத்தவர். அங்கிருந்து வந்த ஆரூர்தாஸுக்குச் சொல்லின் நீளம் கைக்கணக்காயிற்று. அதைவிட முக்கியமான ஒன்றும் கைவந்தது என்று கருதுகிறோம். பேசுபவன் முகத்தைப் போலவே கேட்பவன் முகமும் திரையில் இருக்கிறது என்பது அது. மேடைத் தமிழ் எழுதியவர்கள் கேட்பவனைப் பெரும்பாலும் மறந்தார்கள். கொட்டகையிலுள்ள ஆயிரம் பேரே அவர்களுக்குக் கேட்பவர்கள்.

1961-இல் பீம்சிங் இயக்கிய ‘பாசமலர்’ வந்தது. கதை கே. பி. கொட்டாரக்கராவுடையது. அண்ணன் ராஜசேகரன், தங்கை ராதா, அவளை மணக்கும் ஆனந்தன் என்னும் மூவரின் கதையைக் கூற வேண்டியதில்லை. படத்தைப் பார்க்காத வீடு நம்மிடையே குறைவு. திருமணத்துக்குப் பின் அண்ணன் தங்கையை நண்பனிடம் ஒப்படைக்கும் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவளைத் தன் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பேசுகிறான். கண்ணே மணியே என்பது தமிழில் தேய்ந்த உவமை. ஆனால் அதே மனிதன் பின்னர்த் தீபாவளி நாளில் குழந்தையைக் காக்கப் போய் வெடியால் கண்பார்வையை இழக்கிறான். தேய்ந்த உவமை அப்போது உயிர்பெற்று நம்மைச் சுடுகிறது. அணியிலக்கணம் கற்ற புலவன் உவமையைச் சொல்லும் இடத்திலேயே மின்னவைப்பான். ஆரூர்தாஸ் அதைப் புதைத்து வைத்துக் காத்திருந்தார்.

முடிவுக் காட்சியில் இதற்கும் மேலே போகிறார். பார்வை இழந்தவன் தங்கையைத் தேடி வந்து நிற்கிறான். இளங்கோவன் மரபில் வந்தவர் எவரும் இங்கே இரண்டு பக்கம் எழுதியிருப்பர். நடிகர் திலகமும் ஒரே மூச்சில் பேசி முடித்திருப்பார். இங்கே அண்ணன் சொல்வது குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டி வீட்டுப் பெண்கள் பாடும் விளையாட்டுப் பாட்டை. நாட்டார் வாய்மொழி அது, எழுத்தாளர் எழுதியதன்று. தம் படத்தின் உச்சியில் தம் சொற்களை விலக்கிக்கொள்ளத் துணிந்த வசனகர்த்தா எத்தனை பேர்? ஆனந்தனின் அத்தையாக வரும் சொத்தாசைக்காரிக்கு அவர் எழுதியவை தட்டையானவை என்பதையும் சொல்லிவிடவேண்டும். தீயவர்களுக்கு எழுதுவதில் அவர் சலிப்புற்றாரோ என்று தோன்றும்.

‘புதிய பறவை’ (1964) வேறு வகையான கட்டு. லதாவாக வருபவள் உண்மையில் துப்பறிய வந்த காவல்துறைப் பெண் என்பது கடைசியில்தான் தெரிகிறது. ஆகவே அவள் பேசும் ஒவ்வொரு வரியும் முதன்முறை பார்ப்பவனுக்குக் காதலாகவும், மறுமுறை பார்ப்பவனுக்கு வலையாகவும் ஒலிக்கவேண்டும். அவள் ‘கோபால்’ என்று அழைப்பதைக் கேலி செய்து மகிழ்ந்த தலைமுறை, அந்த ஒற்றைச் சொல்லில் இரண்டு பொருளும் இருந்ததைக் கவனித்ததா என்பது ஐயமே.

அதே கை 1961-லேயே எம்.ஜி.ஆருக்குத் ‘தாய் சொல்லைத் தட்டாதே’யையும் எழுதியது, 1966-இல் சிம்லாவில் நடக்கும் ‘அன்பே வா’வையும் எழுதியது. தன் மாளிகைக்கே வாடகை கொடுத்துத் தங்கும் செல்வனின் வேடிக்கை அது. இரு நடிகர்களின் மூச்சும் வேறு. ஒருவர் வாக்கியத்தைப் படிப்படியாக ஏறிக்கொண்டே போவார். மற்றவர் குறுகிய வாக்கியத்தைப் புன்னகையோடு முடித்துவிடுவார். அளவெடுத்துத் தைக்கப் பழகியவருக்கு இரண்டு உடலும் தடையாகவில்லை.

1984-இல் ‘விதி’ வந்தபோது நாம் பம்பாயில் இருந்தோம். மாதுங்கா அரோரா திரையரங்கில் தமிழ்ப் படம் பார்த்துவந்த குடும்பங்கள் பல, அப்போது வீட்டிலும் ஒலிநாடாவில் ‘விதி’யின் வசனத்தைக் கேட்டன. தமிழகத்துத் தேநீர்க் கடைகளிலும் திருமண வீடுகளிலும் ஒலிபெருக்கியில் அதே வசனம் முழங்கியது. பாடலுக்கு உரிய மரியாதை பேச்சுக்குக் கிடைத்தது பெரிய செய்திதான். எனினும் நம் மதிப்பீட்டில் ‘விதி’ அவருடைய சிறந்த படைப்பன்று. தெலுங்கு ‘நியாயம் காவாலி’யின் தழுவலான அப்படத்தில் நீதிமன்றம் மேடையாகிவிடுகிறது, கேட்பவன் முகத்தை அவரும் மறந்துவிடுகிறார். படமின்றிக் காதால் மட்டும் கேட்டு நிறைவடைய முடிந்ததே அதற்குச் சான்று. ‘பாசமல’ரின் இறுதியை அவ்வாறு கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

ஆனால் அந்த ஒலிநாடாவுக்கு நம் வீடு கடன்பட்டிருக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. பள்ளியில் இந்தியும் மராத்தியும் படித்துத் தமிழ் எழுத்தை அறியாமல் வளர்ந்த பிள்ளைகள், வாதி, பிரதிவாதி, குறுக்கு விசாரணை என்ற சொற்களை அதிலிருந்தே பெற்றார்கள். அவர்கள் தமிழ் பேசும்போது வாய் ஒரு மொழிக்கு அசைந்து ஒலி வேறு மொழியில் வருவதுபோல் நமக்குத் தோன்றும். சிரித்துமிருக்கிறோம். அதைச் சரிசெய்யத்தான் ஒருவர் ஆயுளில் பாதியைச் செலவிட்டார் என்று அப்போது அறிந்தோமில்லை.

2022 சூன் மாதத்தில் தமிழக அரசு கலைஞர் நினைவு கலைத்துறை வித்தகர் விருதை அவருக்கு அளித்தது. முதல்வரே அவர் இல்லம் சென்று வழங்கினார். அதே ஆண்டு நவம்பரில் அவர் காலமானார். அஞ்சலிக் கூட்டத்துக்காக அவருடைய படங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க நண்பர்கள் நால்வர் அமர்ந்தோம். நேர்த் தமிழ்ப் படங்களில் முப்பதுக்கு மேல் எளிதாக நினைவுக்கு வந்தன. டப்பிங் படங்களில் நால்வரும் சேர்ந்து ஐந்தின் பெயரைக்கூடச் சொல்ல இயலவில்லை.