சோறிட்டவர் சொன்ன கதை

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; கள்ளுண்ணாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னது 9-ஆவது, பின்னது 93-ஆவது. நல்ல தொலைவுதான்! ஆனால் கள்ளுண்டவனே விருந்தினனாகி, நள்ளிரவில் கதவைத் தட்டி, பசிக்கிறது என்று நின்றால்? அவன் வெறுங் குடியனாக இல்லாமல், தமிழுக்குத் தரமான நூல் தந்த எழுத்தாளனாகவும் இருந்துவிட்டால்?

அந்தச் சங்கடத்தில் சிக்கியவர்கள் எழுதிய நினைவேடுகள் தமிழில் சில உண்டு. அவற்றுள் ஜி. நாகராஜனைக் குறித்து அவர்தம் நண்பர்கள் எழுதியவற்றை இளைஞர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். விழிப்போடு படிக்க வேண்டும்.

நாகராஜன் 1929-இல் மதுரையில் பிறந்தவர். கணக்கு வாத்தியார். கல்லூரியிலும் பின்னர் டுடோரியல்களிலும் கணிதம் கற்பித்தவர்; பொதுவுடைமைக் கட்சியில் உழைத்தவர். 1963-இல் ‘குறத்தி முடுக்கு’, 1974-இல் ‘நாளை மற்றுமொரு நாளே’. தம் நூல்களை வெளியிட ‘பித்தன் பட்டறை’ என்று தாமே ஒரு பதிப்பகமும் கண்டார். உடலை விற்றுப் பிழைக்கும் பெண்ணையும் அவளை வைத்துப் பிழைக்கும் ஆணையும், இழித்தும் பேசாமல், இரங்கியும் அழாமல், ‘இதோ மனிதர்’ என்று காட்டியவர். ஒழுக்கம் பேசி ஊரை ஏய்ப்போர் நடுவே அது ஓர் அறிவுப்புரட்சி அன்றோ? அப்படிப்பட்டவர் குடியிலும் கஞ்சாவிலும் கரைந்து, 1981 பிப்ரவரி 19-இல் மதுரை அரசு மருத்துவமனையில் மடிந்தார். வயது 51.

அவரைப் பற்றிச் சுந்தர ராமசாமி தம் ‘நினைவோடை’ வரிசையில் ஒரு நூலே தந்திருக்கிறார். (அதே வரிசையில் பிரமிள் பற்றியும் ஒன்று உண்டு; அது வேறு வகைப் பிணக்கு, இங்கு வேண்டா.) வெள்ளை உடையில், மிடுக்கான உடலோடு, அறிவு ஒளிரப் பேசிய இளைஞராக முதலில் நாகராஜனைக் கண்டவர் அவர். அதே மனிதர் அழுக்கேறிய உடையில் பணம் கேட்டு வந்து நிற்கும் காலத்தையும் கண்டவர். இரண்டையும் எழுதுகிறார். முன்னதைச் சொல்லிப் பின்னதை மூடவில்லை; பின்னதைச் சொல்லி முன்னதை அழிக்கவுமில்லை. மதுரையில் கடைசிக் காலம்வரை உடனிருந்த சி. மோகனும் அவ்வாறே எழுதினார்.

ஆங்கிலம் படித்தோர்க்கு இங்கே சாமுவேல் ஜான்சன் நினைவு வரும். ரிச்சர்ட் சாவேஜ் என்ற கவிஞனோடு, தங்க இடமின்றி, லண்டன் தெருக்களில் இரவெல்லாம் சுற்றியவர் அவர். ஆதரித்தோர் அனைவரையும் பகைத்துக்கொண்ட சாவேஜ், 1743-இல் பிரிஸ்டல் சிறையில் கடனாளியாகச் செத்தான். அடுத்த ஆண்டே ஜான்சன் அவன் வரலாற்றை எழுதினார். நண்பன் மீது அன்பு இருந்தது. அதற்காகக் குற்றத்தைக் குணமென்று எழுதவில்லை.

எங்கள் தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துச் சலாபம் 1961-இல் நடந்தது. சங்குகுளி இன்றும் உண்டு. கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கிய காலத்தில், தோணியிலிருந்து கயிற்றைப் பிடிக்க மைத்துனனைத்தான் நம்புவார்களாம். உடன்பிறந்தாள் தாலி அறுவதை அவன் பார்த்திருக்க மாட்டான் என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். கயிறு பிடித்தவனுக்குத் தெரிவதெல்லாம் கயிற்றின் அசைவே; அடியில் நடப்பது தெரியாது. நண்பரைப் பற்றி நினைவேடு எழுதுவோரும் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அதை ஒப்புக்கொண்டு எழுதுகிறவரை நம்பலாம். அடியில் கிடப்பதையெல்லாம் நேரில் கண்டதுபோல் அளப்பவரை நம்பக் கூடாது.

ஆனால் இந்த ஏடுகளைப் படித்த நம் இளைஞரிடையே ஒரு புதுச் சாமியார் வழிபாடு முளைத்திருப்பதைப் பார்க்கிறேன். கோவில் சாமிக்குக் கற்பூரம் காட்ட மறுத்த தோழர்கள், குடித்தழிந்த எழுத்தாளனுக்குக் காட்டுகிறார்கள்! அழிந்ததால் எழுதினாராம், போதையே படைப்பின் ஊற்றாம்! என்ன சான்று? ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1974-க்குப் பின் ஏழாண்டுகள் இருந்தார். இன்னொரு நாவல் வரவில்லை. குடி கொடுத்திருந்தால் அந்த ஆண்டுகளில் அன்றோ கொடுத்திருக்க வேண்டும்? எழுதியது தெளிந்த கண்; அந்தக் கண்ணைக் குடி மூடியது. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போடுவதற்குத்தான் மூடநம்பிக்கை என்று பெயர்.

உப்பளத்தில் கூலி வாங்கிய கையோடு குடித்துவிட்டுத் தெருவில் கிடக்கும் தகப்பனை, என் வகுப்பு மாணவன் ஒருவன் தோளில் தாங்கி அழைத்துப் போனதை நான் பார்த்தேன். மறுநாள் அவன் வீட்டுப்பாடம் எழுதிவரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் தகப்பனுக்கு ஊர் வைத்த பெயர் குடிகாரன். அவர் ஒரு கதை எழுதியிருந்தால் ‘கலகக்காரர்’ என்று மேடை போட்டிருப்போமோ? பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

நாகராஜனுக்கும் மனைவி இருந்தார். மக்கள் இருவர் இருந்தனர். அந்த அம்மையார் பள்ளி ஆசிரியை. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. பள்ளியில் காலை மணி அடிக்கும்போது வாசலில் நிற்க வேண்டும் என்பதன் பொருள் எனக்குத் தெரியும். இரவு வீட்டில் என்ன நடந்திருந்தாலும் முகம் கழுவி, புடவை மடிப்புக் கலையாமல் வந்து கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அந்தக் காலை வேளைகளை எந்த நண்பர் எழுதினார்? ‘நாளை மற்றுமொரு நாளே’யில் கந்தனைப் போலவே மீனாவையும் முழு மனுஷியாகக் காட்டியவர் நாகராஜன். அவரைப் பற்றிய நினைவுகளிலோ, ஆண்கள் ஆண்களோடு பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இலை போட்டவர், பாய் விரித்தவர், விடிந்ததும் திண்ணை கழுவியவர் ஓரத்தில் நிழலாகவே வந்துபோகிறார்கள். சுந்தர ராமசாமியின் துணைவியார் கமலா ராமசாமி, பின்னாளில் தம் கணவரைப் பற்றி ‘நெஞ்சில் ஒளிரும் சுடர்’ என்ற நூல் எழுதினார். அந்த வகையில் தமிழில் இன்னும் பல ஏடுகள் வர வேண்டும்.

பிறரைச் சொல்லிவிட்டு நான் தப்பக் கூடாது. எங்கள் வீட்டிலும் ஒரு கவிஞர் நான்கு திங்கள் தங்கினார். என்னைவிட ஆறு வயது மூத்தவர், நல்ல கவிஞர், குடிப்பவர். என் கைக்கடிகாரமும் கல்லூரியில் பரிசாகப் பெற்ற அகராதியும் பழைய பொருள் கடைக்குப் போயின. அவர் பொருட்டுத் தலைமையாசிரியரிடம் இருமுறை பொய் சொன்னேன். இவ்வளவையும் பொறுத்தது அன்பினால் என்றே நம்பியிருந்தேன். ஆனால் அவர் பேசியதையெல்லாம் அன்றன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். என்றேனும் அவர் பெரும்புகழ் பெறுவார். அவரோடு என் பெயரும் அச்சேறும் என்ற ஆசை! பூசாரி வேலைதான், வேறென்ன?

இக்கட்டுரைக்காக அந்தக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். நாற்பது பக்கங்களுக்கு மேல். நெருதாவைப் பற்றி அவர் சொன்னது இருக்கிறது. மழையில் நனைந்து வந்த இரவு இருக்கிறது. என் பொறுமையைப் பற்றி நானே எழுதிக்கொண்ட புகழுரையும் இருக்கிறது. இரவு பதினோரு மணிக்கு அடுப்பை மறுபடி பற்றவைத்து அவருக்குத் தோசை வார்த்துப் போட்ட என் அக்காளைப் பற்றி ஒரு வரியும் இல்லை.