திங்ஸ் 3: டிக் அடிக்கவே முடியாத பட்டியல்கள்

செய்ய வேண்டியதை எழுதிவைக்கும் செயலிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குதான்: எழுது, செய், டிக் அடி. கேஸ் புக் பண்ண அது போதும். அம்மாவின் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளப் போதாது. மாத்திரை வாங்கலாம், ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம், ஒவ்வொன்றாக டிக் அடிக்கலாம். பொறுப்பு மட்டும் அப்படியே நிற்கும். முடிகிற வேலையையும் முடியாத பொறுப்பையும் திங்ஸ் 3 பிரித்துவைத்திருக்கும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பிரிவு எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதுதான் இந்த விமர்சனம்.

செயலியைச் செய்தவர்கள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் கல்ச்சர்ட் கோட் நிறுவனத்தார். 2017 மே மாதம் இந்த மூன்றாம் பதிப்பு வந்தது, அதே வருடம் ஆப்பிளின் வடிவமைப்பு விருதும் கிடைத்தது. ஐபோன், ஐபேட், மேக், ஆப்பிள் வாட்ச் போன்ற ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையின் பின்பாதிக்குத் தாவிவிடலாம்.

திங்ஸில் மூன்று அடுக்கு. அடியில் தனி வேலை. பல படிகள் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தால் அது ப்ராஜெக்ட். இரண்டுக்கும் மேலே ஏரியா. ப்ராஜெக்ட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். உள்ளே இருக்கும் வேலைகளை முடிக்க முடிக்க வட்டம் நிரம்பும். எல்லாம் ஆனதும் ப்ராஜெக்ட்டையே டிக் அடித்து அனுப்பிவிடலாம். ஏரியாவுக்கு வட்டம் கிடையாது. டிக் அடிக்க இடம் இல்லை, கெடு வைக்க வழி இல்லை, எத்தனை சதவீதம் ஆயிற்று என்ற கேள்வியே எழாது. இது விடுபட்டுப்போனதல்ல, வேண்டுமென்றே செய்தது. டேவிட் ஆலன் 2001இல் ‘கெட்டிங் திங்ஸ் டன்’ என்ற புத்தகத்தில் போட்ட கோடு இது: ஒன்றுக்கு மேற்பட்ட படி தேவைப்படுவதெல்லாம் ப்ராஜெக்ட், அதற்கு மேல்தளத்தில், முடிவில்லாமல் ஒரு தரத்தில் வைத்திருக்க வேண்டிய பொறுப்புகள். அவர் தாளுக்குச் சொன்னதை ஸ்டுட்கார்ட்காரர்கள் திரையில் வரைந்துவிட்டார்கள்.

சரி, எந்தெந்த ஏரியா? இந்த வகைச் செயலிகளுக்கு வழிகாட்டுகிறவர்கள் தரும் மாதிரிப் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வேலை, உடல்நலம், பணம், குடும்பம், சுய முன்னேற்றம். தனியாக ஒரு ஃபிளாட்டில் இருப்பவருக்கு இது பொருந்தலாம். என்னிடம் பொருந்தவில்லை. அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை உடல்நலமா, குடும்பமா? ஊரில் இருக்கும் வீட்டின் வரி பணமா, வீடா? ஒவ்வொரு வேலையை எழுதும்போதும் இப்படி ஒரு சின்னப் பட்டிமன்றம் நடந்தால் எழுதுவதே நின்றுபோகும். தலைப்பை வைத்துப் பிரிக்காமல் ஆளையும் இடத்தையும் வைத்துப் பிரித்ததும் பட்டிமன்றம் கலைந்தது. இப்போது என் ஏரியாக்கள்: அலுவலகம், அம்மா, பள்ளிக்கூடம், வீடு, ஊர், விசேஷம். அம்மா சம்பந்தப்பட்டது எதுவானாலும், அது மாத்திரையோ வங்கியில் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றிதழோ, அம்மாவுக்குக் கீழே.

‘விசேஷம்’ என்று ஒன்றைத் தனியாக வைத்ததைப் பார்த்து நண்பர் சிரித்தார். ஆவணி பிறந்ததும் வந்து விழும் பத்திரிகைகளை ஒரு தடவை இப்படி ஒழுங்குபடுத்திப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். எந்தக் கல்யாணத்துக்கு நேரில் போக வேண்டும், எதற்கு மொய் மட்டும், யார் நம் வீட்டுக்கு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அங்கே. ‘ஊர்’ இன்னும் கனமானது. பட்டா மாறுதல் அதற்குள் ஒரு ப்ராஜெக்ட்: தாய்ப்பத்திர நகல், வில்லங்கச் சான்றிதழ், விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலர், தேவைப்பட்டால் சர்வேயர். ப்ராஜெக்ட்டுக்குள் சின்னத் தலைப்புகள் போட்டு இவற்றைப் பிரிக்கலாம்; ஏரியாவுக்குள் நேராக அப்படித் தலைப்பு போட முடியாது, குறிப்பும் எழுத முடியாது. இந்த இரண்டாவது குறைதான் எரிச்சல். பட்டா எண்ணையும் மின் இணைப்பு எண்ணையும் ‘ஊர்’ என்பதன் முகப்பில் எழுதிவைக்கத்தான் யாருக்கும் தோன்றும். அதற்காக, முடிக்கவே போகாத ஒரு வேலையை ‘எண்கள்’ என்று பெயரிட்டு மேலே உட்கார வைத்திருக்கிறேன்.

தினசரிப் புழக்கத்தில் ஏரியாக்களைத் திறந்து பார்ப்பது குறைவு. காலையில் ‘டுடே’ பட்டியல்தான். செட்டிங்ஸில் ஒன்றை மாற்றினால் டுடேவும் ஏரியா வாரியாகப் பிரிந்து வரும். வாங்கியதும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். அலுவலகத்தின் கீழே நீளமாக ஒரு வரிசையும் பள்ளிக்கூடத்தின் கீழே ஒன்றே ஒன்றும் இருப்பது கண்ணில் படும்போது, அந்த ஒன்றை முதலில் முடித்துவிட்டுக் கிளம்பத் தோன்றுகிறது. டுடேவுக்குள்ளேயே ‘மாலை’ என்று ஒரு பகுதியும் உண்டு. வீட்டு வேலைகள் அங்கே ஒதுங்கிவிடுவதால் பகலில் கண்ணை உறுத்துவதில்லை.

தொடங்கும் தேதி வேறு, கெடு வேறு என்று திங்ஸ் பிரித்திருப்பது நம் வீட்டுக் கணக்குகளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின் கணக்கெடுப்பு, கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் கெடு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தானாக வரும்படி வைத்து, கெடுவுக்குச் சில நாள் முன்னால் டுடேவில் தலைகாட்டும்படி சொல்லிவிட்டால் போதும். தண்ணீர் ஃபில்டர் மாற்றுவது வேறு ரகம். போன தடவை என்றைக்கு மாற்றினோமோ அன்றிலிருந்துதான் எண்ண வேண்டும். ‘முடித்த பிறகு’ என்ற வகையில் அதை வைக்கலாம். தொடங்கும் தேதி கடந்துபோன வேலை சிவந்து நின்று மிரட்டாது, டுடேவில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். சிவப்பு கெடுவுக்கு மட்டும்தான்.

இனி கைவிடும் இடங்கள். ஒரு ஏரியாவில் எதுவும் எழுதாமல் விட்டால் அது வெள்ளையாக, அமைதியாக, அழகாக இருக்கும். எல்லா வேலையையும் முடித்த ஏரியாவும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். ‘அம்மா’ காலியாக இருப்பது எல்லாம் நல்லபடியாக இருப்பதாலா, நான் மறந்துபோனதாலா என்று திங்ஸால் சொல்ல முடியாது. பொறுப்புக்கு என்று தனி இடம் கொடுத்த செயலி, அந்தப் பொறுப்பைக் கவனித்தாயா என்று ஒரு தடவையும் கேட்பதில்லை. சியாட்டிலில் இருக்கும் ஆம்னி குரூப்பின் ஆம்னிஃபோகஸ் கேட்கும்: ஒவ்வொரு ப்ராஜெக்ட்டையும் எத்தனை நாளுக்கு ஒரு முறை திரும்பிப் பார்ப்பது என்று குறித்துவைத்தால் அந்தந்த நாளில் எடுத்து நீட்டும். ஆனால் அதைக் கற்றுக்கொள்வதே ஒரு ப்ராஜெக்ட். திங்ஸில் நான் ஞாயிற்றுக்கிழமைக்கு ‘எல்லா ஏரியாவையும் திறந்து பார்’ என்று திரும்பத் திரும்ப வரும் வேலை ஒன்றைப் போட்டுச் சமாளிக்கிறேன்.

அதைவிடப் பெரிய குறை, எதையும் யாருடனும் பகிர முடியாது என்பது. அலுவலகம் என்னுடையது, சரி. வீடு என் ஒருவனுடையதா? பால் பாக்கெட் சொல்வதும், பள்ளிக் கட்டணம் கட்டுவதும், ஊருக்கு டிக்கெட் போடுவதும் இரண்டு பேர் வேலை. திங்ஸில் ‘வீடு’ என்று ஒரு ஏரியா திறந்தால் ஒருவர் வீட்டைச் சுமப்பதாகவும் மற்றவரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொள்வதாகவும் ஆகிவிடுகிறது. ஏரியா என்ற யோசனை எங்கே அதிகம் தேவையோ அங்கேயே செயலி தனியாளாகிவிடுகிறது. கோப்பு, படம் எதையும் இணைக்கவும் முடியாது. பள்ளி அனுப்பிய சுற்றறிக்கையை வேறெங்கோ தேட வேண்டும்.

ஆகவே இருவரும் பகிரும் வீட்டு வேலைகளுக்கு மைக்ரோசாஃப்ட் டூ டூ. 2015இல் வாங்கிய வுண்டர்லிஸ்ட்டை 2020 மே மாதம் மூடிவிட்டு மைக்ரோசாஃப்ட் இதை முன்னிறுத்தியது. இலவசம், ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் ஓடும், பட்டியலைப் பகிரலாம், கோப்பும் இணைக்கலாம். ஏரியா மட்டும் இல்லை. பட்டியல்களைச் சேர்த்து குரூப் ஆக்கலாம். அந்தக் குரூப்புக்குள் நேராக ஒரு வேலையை எழுத முடியாது, ஏதாவதொரு பட்டியலுக்குள்தான் எழுத வேண்டும். பட்டியலையே ஏரியாவாக வைத்துக்கொண்டு, ப்ராஜெக்ட்டை ஒரு வேலையாகவும் அதன் படிகளை உள்ளே ‘ஸ்டெப்’களாகவும் எழுதலாம். ஸ்டெப்புக்குத் தேதி போட முடியாது என்பதால் பட்டா மாறுதல் மாதிரியான நீண்ட விவகாரங்கள் அங்கே திணறும். மளிகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தாராளமாகப் போதும். ‘மை டே’ ஒவ்வொரு நள்ளிரவும் காலியாகிவிடும்; மறுநாள் காலை நீங்களே பொறுக்கிச் சேர்க்க வேண்டும். சிலருக்கு அது நல்ல பழக்கம், எனக்குக் கூடுதல் வேலை.

திங்ஸுக்குச் சந்தா கிடையாது, ஒரு தடவை காசு. ஆனால் கருவிக்குக் கருவி தனி விலை: அமெரிக்கக் கடையில் ஐபோனுக்கு 9.99 டாலர், ஐபேடுக்கு 19.99, மேக்குக்கு 49.99. மூன்றும் வாங்க கிட்டத்தட்ட 80 டாலர். ஐபோனுக்கு மட்டும் வாங்கினால் முக்கால்வாசிப் பயன் கிடைத்துவிடும். மேக் பதிப்பை 15 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். வேலைகளைத் தமிழில் எழுதலாம். மெனுக்கள் தமிழில் இல்லை. வீட்டில் இருவரும் ஐபோன்தான் என்றாலும் பகிர்வு கிடையாது என்பதை வாங்குவதற்கு முன்பே இருவரும் தெரிந்துகொள்வது நல்லது. ‘வீடு’ ஏரியாவைத் திறக்காமலே விட்டு, மீதிக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.