டேலி பிரைம்: தேக்கா கடைக் கணக்குக்குச் சரிப்படுமா?

சிங்கப்பூரில் 2024 ஜனவரி 1 முதல் ஜிஎஸ்டி 9 விழுக்காடு. ஆண்டு விற்றுமுதல் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டும் வணிகம் அதற்குப் பதிந்தாக வேண்டும். கணக்கேடுகளை ஐந்தாண்டு காக்கவும் வேண்டும். சிராங்கூன் சாலை மளிகைக் கடை ஒன்றின் கணக்கை மனத்தில் வைத்து, பெங்களூரில் 1986இல் தொடங்கிய நிறுவனத்தின் கணக்கு மென்பொருளான டேலி பிரைம் இங்கே சோதிக்கப்பட்டது.

விண்டோஸ் கணினி போதும். உரிமம் வாங்காமல் கல்விப் பயன்முறையிலும் திறக்கலாம்; ஆனால் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே பதியவிடும். பழகுபவருக்கு அது தாராளம், கடைக்கு உதவாது.

முதல் சோதனை, ஒரு நாள் விற்பனை 1,090 வெள்ளி. ரொக்கம் 400, பேநவ் 690. கடையில் ஒட்டிய விலையிலேயே வரி அடங்கியிருப்பதால் 1,090ஐ 9ஆல் பெருக்கி 109ஆல் வகுக்க வேண்டும்: வரி 90. புதியவர்கள் நேரடியாக 9 விழுக்காடு போட்டு 98.10 என்று எழுதி வழுக்குவது இங்கேதான்.

ரொக்கக் கணக்கு, பற்று 400
வங்கிக் கணக்கு, பற்று 690
விற்பனைக் கணக்கு, வரவு 1,000
ஜிஎஸ்டி கணக்கு, வரவு 90

இதை எஃப்7 ஜர்னலில் போடப் போனால் ரொக்கமும் வங்கியும் பட்டியலில் வராது. அமைப்பை மாற்ற வேண்டும். எஃப்6 ரெசிப்ட் வவுச்சரே நேர்வழி. பற்றும் வரவும் ஒரு காசு பிசகினாலும் டேலி சேமிக்காது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் செட்டியார் கடைக் கணக்கப்பிள்ளைகள் பேரேட்டைப் புரட்டிப் போட்ட ஐந்தொகை, இங்கே சில விசைகளில் திரைக்கு வந்துவிடுகிறது.

இரண்டாவது சோதனையில்தான் டேலி தடுமாறியது.

வரியோடு 3,270 வெள்ளிக்கு வாங்கிய குளிர்பெட்டி, வேண்டுமென்றே கொள்முதல் கணக்கில் ஏற்றப்பட்டது. டேலி மறுபேச்சின்றி ஏற்றது, இருப்பாய்வும் பொருந்தியது. வரியான 270 வெள்ளியில் சிக்கல் இல்லை. மீதி 3,000 வெள்ளியோ அரிசி, பருப்பு வாங்கிய செலவோடு சேர்ந்துவிட்டது. திருத்த இரண்டு ஜர்னல் பதிவுகள் தேவை. முதலில் நிலைச் சொத்து பற்று 3,000, கொள்முதல் வரவு 3,000. பிறகு, ஐந்தாண்டுக்குச் சமமாகப் பிரித்தால், தேய்மானம் பற்று 600, குளிர்பெட்டி வரவு 600. திருத்தாமல் விட்டிருந்தால் அந்த ஆண்டின் லாபம் 2,400 வெள்ளி குறைவாகத் தெரிந்திருக்கும்.

ஆக, கூட்டல் பிழைக்கு டேலி நல்ல காவல். கணக்குத் தலைப்பு மாறினால் அதற்குத் தெரியாது. பற்று வரவு தெரிந்தவர் கையில் வேகமான கருவி, தெரியாதவர் வாங்குமுன் அடிப்படையைப் படிக்கட்டும்.

இன்னொன்று: 2025 நவம்பர் 1 முதல், புதிதாகத் தொடங்கிய நிறுவனம் விருப்பத்தின் பேரில் ஜிஎஸ்டிக்குப் பதிந்தால், விற்பனைப் பட்டியல் விவரங்களை இன்வாய்ஸ்நவ் என்ற மின்விலைப்பட்டியல் கட்டமைப்பின் வழியே வரி ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அத்தகையவர்கள் எந்த மென்பொருளாக இருந்தாலும், அந்த இணைப்பு உண்டா என்று விற்பனையாளரிடம் உறுதிசெய்த பிறகே பணம் கட்டுவது நல்லது.