அபராதம் தீர்க்காத பாவசங்கீர்த்தனம்

எங்க பங்குக்குச் சில வருசத்துக்கொரு தடவ புதுச் சாமியார் வருவார். மேளம், மாலை, முதல் பூசை. பிரசங்கத்தில் 'புதிய தொடக்கம்' என்ற சொல் கட்டாயம் வரும். போன சாமியாருக்கும் அது புதிய தொடக்கந்தான். வேற ஊர்ல வேற மாலை. எங்க தெருவுக்கு மட்டும் எதுவும் தொடங்காது. கல்லறையில நடுச்சுவரு அப்படியே நிக்கும்.

இந்தச் சுவரை மனசுல வச்சுக்கிட்டுத்தான் பாமாவின் 'கருக்கு' நூலைத் திரும்ப வாசித்தேன். 1992-இல் வந்த நூல். தலித் தன்வரலாறு என்றே இதைப் பேசிப் பழகிவிட்டோம். ஊழியத்துக்குப் போன ஒரு பெண் தன் ஊழியத்துக்கே கணக்குப் பார்த்த நூல் இது என்பதை அவ்வளவாகப் பேசவில்லை.

ஞானோபதேச வகுப்புல உபதேசியார் மனப்பாடம் பண்ண வைப்பார்: நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு அஞ்சு காரியம் வேணும். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவத்தைச் சொல்லுதல், கடைசியா அபராதம் தீர்த்தல். இந்த அளவுகோலையே நூலுக்கும் திருச்சபைக்கும் வைத்துப் பார்க்கலாம்.

சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பாமா மேல் பள்ளிக்கூடத்தில் தேங்காய் திருடியதாகப் பழி விழுகிறது. பங்குச் சாமியாரிடம் போகிறார். சேரிப் பிள்ளைதானே, செய்திருக்கும் என்பதுதான் அவர் முடிவு. பிறகு பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சீட்டும் எழுதித் தருகிறார். பங்கு ஊழியம் நம்மிடம் எப்படி நடக்கிறது என்பதற்கு இந்தச் சீட்டு போதும். உதவி கிடைக்கும், கூடவே இழிவும் வரும். அந்தச் சாமியார் ராத்திரி ஆத்தும சோதனை செய்தபோது இது பாவக்கணக்கில் வந்திருக்குமா? வந்திருக்காது. அவர் கணக்கில் அது இரக்கம்.

ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கத்தான் பாமா மடத்தில் சேர்ந்தார். கிடைத்ததோ வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அவர் மடத்தை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்கவில்லை. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டு அந்த வசதிக்குள் தானும் வாழ்ந்ததைச் சொல்கிறார். நூலின் கூர்மை இங்கேதான். பனங்கருக்குக்கு ரெண்டு பக்கமும் பல்லு. பிடிச்ச கையையும் அது கீறும். அவர் செலுத்திய அபராதம் வெளியேறியது: வேலையில்லாமல், பாதுகாப்பில்லாமல், சிறகொடிந்து ஊர் திரும்பியது. வெற்றிக்கதையாக முடிக்காத நேர்மை அவரிடம் இருக்கிறது.

குறையும் உண்டு. வெளியே போனவரின் கணக்கு கிடைத்திருக்கிறது. உள்ளேயே இருந்து மல்லுக்கட்டுகிறவர்களின் பாடு இதில் அதிகம் வரவில்லை. ஆனால் அந்தக் குறையைப் பாமா தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்ல. அது உள்ளே இருக்கிறவர்கள் எழுத வேண்டியது.

திருச்சபையின் கணக்கு? 2008 மார்ச்சில் எறையூரில் தனிப்பங்கு கேட்ட தலித் கிறித்தவர்கள் தாக்கப்பட்டார்கள். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ரெண்டு உயிர் போனது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆக நாலாவது காரியம் வரைக்கும் வந்தாச்சு, பாவத்தைச் சொல்லியாச்சு. அஞ்சாவது?

அபராதம் தீர்க்காத பாவசங்கீர்த்தனம் பாதிதான் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே அவர்கள்தான். புதுசா வர்ற சாமியாருக்கு 'கருக்கு' நூலைக் கையில் கொடுப்போம். வருசாந்திரத் தியானத்துக்குப் போகும்போது வாசிக்கட்டும். போன சாமியார் விட்டுப்போன கணக்கையும் சேர்த்துப் பார்க்கட்டும். பிறகு கல்லறைப் பக்கம் நம்மோடு நடந்து வரட்டும். சுவரை இடிக்கிற நாளில் மேளத்துக்கு நாமே ஏற்பாடு பண்ணுவோம்.